கடலுணவும் கொடுங்கிருமியும்

1950ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், யப்பான் தேசத்து ஒசாக்கா மாநகரின் தெற்கே கடலோரமாக அமைந்த சில ஊர்களில் ஒரு கொடிய நோய் திடீரெனத் தோன்றியது. நலமாக உணவருந்தி எழுந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தனர். வாந்தியும் நீர்த்த கழிச்சலும் அவர்களை வாட்டின. 272 பேர் நோயுற்றனர். அவருள் 20 பேர் மாண்டனர். நோயுற்றோர் யாவரும் உண்ட பொருள் யாதென்று விசாரித்தபோது, 'சிராசு' என்னும் ஓர் எளிய உணவின் மேற் பழி விழுந்தது. சூடை இனத்து மீன்களின் மிகச் சிறிய குஞ்சுகளை உப்புநீரில் அவித்து, கருவாட்டைப்போல முற்றாக உலர்த்தாது, ஈரம் மாறாமல் எடுப்பதே சிராசு. யப்பானியர் வீடுகளில் அது நாள்தோறும் புழங்கும் பண்டம். மீனைப் பச்சையாகவும் உண்டு பழகிய ஒரு சமுதாயம், தன் உணவுத் தட்டையே ஐயுற்று நோக்க நேர்ந்த நாள்கள் அவை.

ஒசாக்காப் பல்கலைக்கழகத்து நுண்ணுயிர் நோய் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த புஜினோ சுனேசபுரோ என்னும் அறிஞர் இதனை ஆராயப் புகுந்தார். உணவை நஞ்சாக்கும் கிருமிகளென அக்காலத்தார் அறிந்திருந்தவை சிலவே. அவற்றுள் அடங்காத ஒரு புதிய பற்றீரியாவை அவர் பிரித்தெடுத்தார். அதற்கு ஒரு பெயரும் இட்டார். பேரறிஞர் பாஸ்ரரின் பெயரால் வழங்கிய ஒரு குடும்பத்தில் அதனைச் சேர்த்து, 'பராஹீமோலிற்றிக்கா' என்று அடைகொடுத்தார். குருதியைக் கரைக்கும் கிருமியொன்றை ஒத்தது என்பது அவ்வடையின் கருத்து. பெயரின் முற்பகுதி பின்னர் மாறிவிட்டது. ஆயினும், குருதியைக் கரைத்தல் என்னும் குறிப்பு மாத்திரம் நிலைத்து நின்றது. அது நிலைத்ததே பொருத்தமாயிற்று என்பதைப் பின்வந்த வரலாறு காட்டும்.

ஐந்து வருடங்கள் கழிந்தன. 1955ஆம் ஆண்டில் யொக்கோகாமா நகரத்து அரசாங்க வைத்தியசாலையொன்றில் 120 பேர் அதே வகையான நோயால் வீழ்ந்தனர். இம்முறை குற்றவாளி மீனன்று, உப்பிலிட்ட வெள்ளரிக்காய்! அங்கிருந்த தக்கிகாவா என்னும் வைத்தியர் நோயாளரிடமிருந்து பெற்றவற்றை ஆராய்ந்தபோது, அவற்றில் வாழ்ந்த கிருமி உப்பை விரும்பும் தன்மையது என்பதைக் கண்டார். உப்புக் குறைந்த வளர்ப்பூடகத்தில் அது தளர்ந்து கிடந்தது. உப்பைக் கூட்டினால் செழித்து வளர்ந்தது. வைத்தியசாலைகள் அதுவரை கையாண்ட ஊடகங்களோ உப்புக் குறைந்தவை. கடலிற் பிறந்த உயிரை நன்னீர்க் குட்டையில் தேடியதுபோல் இருந்தது முன்னோர் செய்த முயற்சி. வெள்ளரிக்காய்க்கும் கடற்கிருமிக்கும் என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். மீன் வெட்டிய பலகையிலே, கழுவாத கத்தியாற் காய்கறியை நறுக்கும் சமையலறைகள் உலகெங்கும் உள. உப்பும் சேர்ந்துவிட்டால் இக்கிருமிக்கு அதனினும் வாய்ப்பான இடம் வேறில்லை.

1963ஆம் ஆண்டில் சாக்காசாக்கி என்பவரும் அவருடைய துணைவரும் இதனை விப்ரியோ இனத்துட் சேர்த்தனர். அன்றுதொட்டு இது 'விப்ரியோ பராஹீமோலிற்றிக்கஸ்' என வழங்குகின்றது. மனித குலத்தைப் பலமுறை சூறையாடிய வாந்திபேதிக் கிருமியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆகவே புதியவன் கொள்ளைக்காரன் ஒருவனுக்கு உறவினன் என்பது தெளிவாயிற்று. ஆனால், உறவினன் என்பதனாலேயே ஒருவனைக் குற்றவாளி என்று கூறிவிட முடியுமா? இங்கேதான் உண்மையான சிக்கல் ஆரம்பமாகின்றது.

கிருமி இன்னதென்று தெரிந்தபின் அதனை மீனிலும் சிப்பியிலும் தேடத் தொடங்கினர். தேடிய இடமெல்லாம் அது கிடைத்தது. வெதுவெதுப்பான கரையோரக் கடல்களில் அது இயல்பாகவே வாழ்வது. சேற்றிலும், மிதக்கும் நுண்ணுயிர்களின் மேலும், மீனின் செவுள்களிலும், குடலிலும் அது உண்டு. சிப்பியோ நாளொன்றுக்குப் பல பத்து இலீற்றர் கடல்நீரைத் தன்னுள்ளே இழுத்து வடிகட்டி உணவு தேடும் பிராணி. நீரிலுள்ள கிருமிகள் அதன் உடலிலே திரண்டு தங்கிவிடுகின்றன. கிருமி இருக்கின்றது என்ற ஒரே காரணத்தால் உணவை ஒதுக்குவதென்றால், கோடைகாலத்தில் பிடிபடும் கடலுணவிற் பெரும்பகுதியை மீண்டும் கடலிலேயே கொட்ட வேண்டியிருக்கும். வலைஞர் குடும்பங்கள் பட்டினி கிடக்க வேண்டியதுதான். மறுபுறத்தில், இலட்சக்கணக்கானோர் அதே மீனை நாள்தோறும் உண்டு சுகமாகவே இருந்தனர். எல்லாக் கிருமியும் கொடியதன்று. கொடியதும் கொடியதல்லாததும் உருவத்தாலும் உணவுப் பழக்கத்தாலும் வேறுபடவில்லை. நுணுக்குக்காட்டியின் கீழ் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றை மற்றதினின்று பிரித்தறிவது எங்ஙனம்?

இதற்கு முதல் விடை யொக்கோகாமா நகரை உள்ளடக்கிய கனகாவா மாகாணத்துச் சுகாதார ஆய்வுகூடத்தில் கிடைத்தது. மனிதரின் செங்குருதிக் கலங்களும் மிகுந்த உப்பும் சேர்த்துச் செய்த தட்டிலே கிருமியை வளரவிட்டால், நோயாளரிடமிருந்து பெற்ற கிருமிகளைச் சுற்றிக் குருதி கரைந்து தெளிந்த வளையம் தோன்றிற்று. கடல்மீனிலிருந்து பெற்றவை அவ்வாறு செய்யவில்லை. இதற்குக் 'கனகாவாத் தோற்றப்பாடு' என்று பெயராயிற்று. சாக்காசாக்கியின் குழுவினர் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு வியப்புக்குரியது. நோயாளரின் கிருமிகளில் நூற்றுக்கு 96 வரையிலானவை குருதியைக் கரைத்தன. கடல்மீனின் கிருமிகளிலோ நூற்றுக்கு 1 அளவே கரைத்தன. குருதியைக் கரைப்பது ஒரு நச்சுப் புரதம். நூறு பாகைச் சூட்டில் பத்து நிமிடம் வைத்தும் அது வலிமை குன்றவில்லை. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு அதனை ரி.டி.எச். என்பர்.

ஒரு தட்டும் சிறிது குருதியும் கொண்டு இத்துணைப் பெரிய வேறுபாட்டைக் கண்டறிந்தமை, பின்னர் வந்த விலையுயர்ந்த கருவிகள் யாவற்றுக்கும் ஈடான சாதனை என்றே கூறவேண்டும். எனினும் அதிலே குறைகளும் இருந்தன. புத்தம் புதிய மனிதக் குருதி வேண்டும். குதிரைக் குருதி உதவாது. இவையெல்லாம் கைகூடினாலும், மீனிலுள்ள நூறு கிருமிகளுள் ஒன்றே கொடியது என்றால், அந்த ஒன்றைத் தேடிப் பிடிக்க நூறு திரள்களைத் தனித்தனியே எடுத்து வளர்த்துச் சோதிக்கவேண்டும். விடை கிடைப்பதற்குள் மீன் விற்றுத் தீர்ந்துவிடும்; உண்டவர் வைத்தியசாலைக்குப் போய்விடுவர்.

நச்சை ஆக்கும் கட்டளை கிருமியின் பரம்பரை அலகிலே எழுதப்பட்டிருக்கின்றது. அந்த எழுத்தை வாசிக்க முடிந்தால் நச்சு வெளிப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1984ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஜேம்ஸ் கேப்பரும் துணைவரும் ரி.டி.எச். நச்சுக்குரிய பரம்பரை அலகைப் பிரித்து, வேறொரு பற்றீரியாவினுள் வைத்துப் பெருக்கினர். அடுத்த ஆண்டில் யப்பானியராகிய நிஷிபுச்சியும் கேப்பரும் அதன் எழுத்து வரிசை முழுவதையும் வெளியிட்டனர். டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துக்களால் ஆன நீண்ட இரட்டைச் சரம்; ஒரு சரத்தின் எழுத்துக்களுக்கு மற்றச் சரத்தில் இணையெழுத்துக்கள் உண்டு; இணை இணையையே நாடும். ஆதலால் நச்சு அலகின் ஒரு துண்டை அடையாளமிட்டுக் கிருமித் திரள்களின்மேல் விட்டால், தன் இணையைக் கண்ட இடத்தில் மாத்திரம் அது ஒட்டிக்கொள்ளும். ஏனைய இடங்களிலிருந்து கழுவுண்டு போகும். அவ்வாண்டிலேயே இம்முறையால் நூற்றுக்கணக்கான திரள்களை ஒரே தாளிற் பதித்துச் சோதித்தல் கைகூடியது. 1992ஆம் ஆண்டில் இதே ஆராய்ச்சியாளர் இன்னோரடி முன்சென்றனர். கிருமியிலிருந்து அந்த அலகை மாத்திரம் நீக்கிவிட்டு முயலின் குடலிற் சோதித்தபோது, அதன் தீங்கு குறைந்துபோயிற்று. குருதித் தட்டிற் கண்ட வளையம் வெறும் அடையாளமன்று, நோய்க்குக் காரணமான பொருளின் சுவடே என்பது அதனால் உறுதியாயிற்று.

ஆயினும் அதற்கு முன்னரே ஒரு தடங்கல் நேர்ந்திருந்தது. 1985ஆம் ஆண்டில் மாலைதீவுக் குடியரசில் வயிற்றுக்கழிச்சல் நோய் பரவியது. மாசிக்கருவாட்டின் தாயகம் என ஈழத்தவர் நன்கறிந்த தீவுகள் அவை. அங்கு நோயாளரிடம் கிடைத்தது விப்ரியோ பராஹீமோலிற்றிக்கஸ் கிருமியே. ஆனால் கனகாவாத் தட்டிலே அது வளையம் காட்டவில்லை! இருபது ஆண்டுகளாக நம்பப்பட்ட சோதனை அதனைக் குற்றமற்றது என விடுவித்திருக்கும். ஹொண்டாவும் துணைவரும் அதனை நுணுகி ஆராய்ந்தபோது, அது வேறொரு நச்சை உண்டாக்குவதைக் கண்டனர். முன்னைய நச்சுக்கு நெருங்கிய உறவுடையது. ஆனால் சூட்டைத் தாங்காதது. அதற்கு ரி.ஆர்.எச். எனப் பெயரிட்டனர். இரு நச்சுக்களின் பரம்பரை அலகுகளையும் ஒப்பிட்டபோது மூன்றில் இருபங்கு எழுத்துக்கள் ஒத்திருந்தன. ஓர் அடையாளத்தை மாத்திரம் நம்பிக் காவலிருப்பவன் வேறு வாயிலால் திருடன் வருவதைக் காணமாட்டான். மாலைதீவுக் கிருமி அவ்வாறு வந்தது.

இதன்பின் ஒரு புதிய கருவி ஆய்வுகூடங்களுக்கு வந்து சேர்ந்தது. 1983ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி கரி மலிஸ், டி.என்.ஏ.யின் வேண்டிய ஒரு பகுதியை மாத்திரம் மீண்டும் மீண்டும் இரட்டிக்கச் செய்யும் உபாயத்தை நினைத்தார். பி.சி.ஆர். என்னும் அதன் பெயரை 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் அறியாத இல்லமே இல்லை. சூடேற்றினால் இரட்டைச் சரம் பிரியும். ஆற்றினால் குறுந்துண்டுகள் உரிய இடத்திற் சென்று பொருந்தும். பின் ஒரு நொதியம் எஞ்சிய சரத்தை நெய்து முடிக்கும். முப்பது முறை இவ்வாறு இரட்டித்தால் ஒன்று, கணக்கின்படி, 107 கோடிக்கு மேலாகும். அத்தனை முறை சூடேற்றியும் கெடாத நொதியம் எங்கே கிடைத்தது? யெலோஸ்டோன் வனப்பூங்காவின் வெந்நீர் ஊற்றுக்களில் தோமஸ் புரொக் என்பவர் 1960களிற் கண்டெடுத்த ஒரு பற்றீரியாவினிடத்தில். கொதிநீருக்கு அணித்தான ஊற்றிலும் உயிர் வாழுமோ என்ற வெறும் ஆர்வத்தாற் செய்த தேடல் அது. எப்பயனுக்காகும் என்று அன்று அவரைக் கேட்டிருந்தால் அவரால் விடை கூறியிருக்க முடியாது.

1992ஆம் ஆண்டில் யப்பானில் தாடா என்பவரும் துணைவரும் இரு நச்சு அலகுகளையும் பி.சி.ஆர். முறையால் இனங்காணும் வழியை வகுத்தனர். 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பேஜ் என்பவரும் துணைவரும் சிப்பி முதலியவற்றில் மூன்று அலகுகளை ஒரே குழாயில் ஒருங்கே தேடிக் காட்டினர். அம்மூன்றனுள் ஒன்று கிருமியின் குலத்தைச் சொல்வது. மற்ற இரண்டும் அதன் குணத்தைச் சொல்வன. முதலாவது மாத்திரம் தோன்றினால், கிருமி உண்டு, இவ்விரு நச்சுக்களும் இல்லை. மற்றவற்றுள் ஒன்றேனும் தோன்றினால் எச்சரிக்கை. மீன்பிடிப்போர் வயிற்றிலும் அடிக்காமல் உண்போர் உயிரையும் காக்க வேண்டுமென்றால் இந்த வேறுபாடு தெரிந்தேயாகவேண்டும்.

சிப்பியின் சதையிலுள்ள சில பொருள்கள் நொதியத்தின் வேலையைத் தடுத்துவிடும்; கிருமி இருந்தும் இல்லை என்ற விடை வரும். இறந்துபோன கிருமியின் டி.என்.ஏ.யும் அழியாமற் கிடந்து, உயிருள்ளதுபோல் விடை தரும். வேகவைத்த இறாலைச் சோதிப்பவன் ஏமாந்துபோகலாம். ஆகையால் முதலில் உணவைக் காரத்தன்மையுள்ள உப்புநீர் ஊடகத்தில் சில மணி நேரம் வைத்து, உயிருள்ளவற்றைப் பெருகவிட்டுப் பின்னரே பரம்பரை அலகைத் தேடுகின்றனர். தக்கிகாவாவின் உப்பு இன்றும் கைவிடப்படவில்லை.

இனி, இவ்வரலாற்றின் மிகப் பரந்த அத்தியாயம் கல்கத்தாவிலே தொடங்குகின்றது. அங்கு வைத்தியசாலைக்கு வந்த கழிச்சல் நோயாளரிடம் 1996ஆம் ஆண்டு பெப்ரவரி தொடங்கி ஒரு மாறுதல் காணப்பட்டது. முன்பெல்லாம் இக்கிருமியின் பல வகைகள் கலந்து வரும். இப்போது ஓ3:கே6 என்னும் ஒரே வகை மேலோங்கிற்று. சில மாதங்களில் பாதிக்கு மேற்பட்டவை அதுவாகவே இருந்தன. இவ்வகைப் பெயர் கிருமியின் மேலுறையைக் கொண்டு இடப்படுவது. மேலுறை ஓ3:கே6 ஆன கிருமிகள் முன்னரும் பயணிகளிடம் கிடைத்ததுண்டு. அப்படியானால் புதுமை யாது? பரம்பரை அலகுகளைப் பார்த்தபோதே விடை தெரிந்தது. 1982 முதல் 1993 வரை கிடைத்தவற்றில் ரி.ஆர்.எச். அலகு இருந்தது, ரி.டி.எச். இல்லை, புதியவற்றில் ரி.டி.எச். இருந்தது, ரி.ஆர்.எச். இல்லை. சட்டை ஒன்று, ஆள் வேறு. தென்கிழக்காசியாவிலிருந்து யப்பானில் வந்திறங்கிய பயணிகளிடமும் இப்புதிய ஆளே கண்டுபிடிக்கப்பட்டான். இந்திய, யப்பானிய ஆராய்ச்சியாளர் இணைந்து எழுதிய அறிக்கை 1997ஆம் ஆண்டில் வெளிவந்தது.

மறு ஆண்டு அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்துக் கல்வெஸ்ரன் குடாவில் எடுத்த சிப்பியைப் பச்சையாக உண்ட 416 பேர், 13 மாநிலங்களில் நோயுற்றனர். அங்கும் ஓ3:கே6! கல்கத்தாக் கிருமியும் ரெக்சாஸ் கிருமியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தாமா? மற்சுமோட்டோவும் துணைவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி அதனைத் தெளிவாக்கியது. எல்லாக் கிருமிகளிலும் உள்ள ஒரு பரம்பரைப் பகுதியில், இக்குலத்துக்கு மாத்திரம் ஏழு இடங்களில் எழுத்து மாறியிருப்பதை அவர்கள் கண்டு, அம்மாற்றத்தையே அடையாளமாகக் கொண்ட பி.சி.ஆர். சோதனையொன்றை வகுத்தனர். வங்காளதேசம், தைவான், தாய்லாந்து, லாவோஸ், கொரியா, அமெரிக்கா ஆகிய பல நாடுகளிலும் ஒரே குலம் பரவியிருந்தமை தெரியவந்தது. பழைய சுவடிகளில் ஒரே பிழை பல பிரதிகளிற் காணப்பட்டால் அவையெல்லாம் ஒரு மூலத்திலிருந்து படியெடுத்தவை என்று பதிப்பாசிரியர் துணிவது போன்றதே இம்முறையும். கரையோரத்து ஊர்களுக்குள் அடங்கி நின்ற நோய் கடல் கடந்து உலாவத் தொடங்கியதைக் காட்டியவை ஏழு எழுத்துப் பிழைகள்.

2003ஆம் ஆண்டில் இக்கிருமியின் பரம்பரை நூல் முழுவதும் வாசித்து முடிக்கப்பட்டது. இரண்டு நிறமூர்த்தங்களில் ஏறக்குறைய 51 இலட்சத்து 65 ஆயிரம் எழுத்திணைகள். வாசிப்பதற்கு எடுத்துக்கொண்ட கிருமி, 1996ஆம் ஆண்டில் கன்சாய் விமான நிலையத் தனிமைப்படுத்தற் பகுதியிலே பயணியொருவரிடம் கிடைத்த ஓ3:கே6 வகையாகும். அவ்விமான நிலையம் 1950ஆம் ஆண்டில் சிராசு உண்டோர் மாண்ட அதே கரைக்கு எதிரே, கடலைத் தூர்த்து அமைக்கப்பட்டது. வாசித்தவர்களும் புஜினோவின் அதே ஆராய்ச்சி நிலையத்தார். அந்நூலிலே எவரும் எதிர்பாராத ஒரு செய்தியும் கிடைத்தது. தான் தொட்ட கலத்தினுள்ளே புரதங்களை ஊசிபோற் குத்திச் செலுத்தும் அமைப்புக்கள் இரண்டு இக்கிருமியிடம் இருந்தன. இரு நச்சு அலகுகளும் இல்லாத கிருமிகள் சிலவேளை நோயாளரிடம் காணப்படுவதுண்டு. ஆகவே ரி.டி.எச்., ரி.ஆர்.எச். என்னும் இரண்டையும் தேடி, இல்லை என்று கண்டதனாலேயே ஐயம் முழுவதும் தீர்ந்தது என்று இன்றும் கூறிவிட இயலாது.

நோயை யப்பானிற் குறைத்தது எது என்ற வினாவுக்கு விடை, பரம்பரை அலகு என்பதன்று. 1998ஆம் ஆண்டில் அந்நாட்டில் இக்கிருமியால் 800க்கு மேற்பட்ட உணவு நச்சுச் சம்பவங்கள் பதிவாயின; நோயுற்றோர் 12,000 பேருக்கு மேல். 2001ஆம் ஆண்டில் அரசாங்கம் விதியொன்றை வகுத்தது. பச்சையாக உண்ணும் கடலுணவில் கிராம் ஒன்றுக்கு இக்கிருமி 100க்கு மேற்படலாகாது. 10 பாகைக்கு உட்பட்ட குளிரிலே வைக்கவேண்டும். மீனைக் கழுவக் கரையோரத்துப் பச்சைக் கடல்நீரைக் கொள்ளலாகாது. வாய்ப்பான சூட்டிலே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடிய கிருமி இது. ஒன்றே ஒன்று மூன்று மணி நேரத்தில் இரண்டரை இலட்சத்தைத் தாண்டிவிடலாம். குளிரில் அது பெருகுவதில்லை. பத்தாண்டுக்குள் நோயாளர் தொகை மிகச் சிறிதாகச் சுருங்கியது. கொடியவன் யாரென்று பரம்பரை அலகு சொல்லிற்று. அவனைக் கட்டி வைத்தது பனிக்கட்டி.

குளிரே காவல் என்று நெடுங்காலம் நிம்மதியாக இருந்த இடங்களுள் அலாஸ்காவும் ஒன்று. பனியாறுகள் உருகிப் பாயும் அந்த வடகோடிக் கடலில் வளர்த்த சிப்பியை உண்பதால் இந்நோய் வருமென எவரும் எண்ணவில்லை. 2004ஆம் ஆண்டு யூலை மாதத்தில் உல்லாசக் கப்பலொன்றிற் சென்ற பயணிகள், பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்னும் கடற்பரப்பில் எடுத்த சிப்பியைப் பச்சையாக உண்டு நோயுற்றனர். அவ்வேனிலில் நோயாளர் தொகை 62 ஆயிற்று. நோயாளரிடமிருந்தும் சிப்பிப் பண்ணைகளிலிருந்தும் பெற்ற கிருமிகளின் டி.என்.ஏ. கோலங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது வேறுபாடு காண முடியவில்லை. இந்நோயைத் தந்த சிப்பி அதுவரை எடுக்கப்பட்ட வடவெல்லைக்கும் அப்பால், ஆயிரம் கிலோமீற்றர் வடக்கே நிகழ்ந்தது இது. பண்ணையொன்றிலே ஆண்டுதோறும் குறித்துவைத்த நீரின் வெப்பக் கணக்கை எடுத்துப் பார்த்தனர். யூலை, ஓகஸ்ட் மாதங்களின் சராசரி வெப்பம் 1997ஆம் ஆண்டு தொடங்கிச் சிறிது சிறிதாக ஏறி வந்திருந்தது. சிப்பி எடுத்த நாள்களில் நீர் தினந்தோறும் 15 பாகைக்கு மேலேயே நின்ற முதலாவது கோடை அந்த 2004ஆம் ஆண்டுக் கோடையே.